கம்பி இருக்கட்டுமா, கழட்டட்டுமா?

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. மார்ச் மாதம் வந்தால் வருமான வரி பற்றிக் கேட்பார்கள். மற்ற மாதங்களில் பணத்தை பேங்கில் போடலாமா, சீட்டில் போடலாமா, மச்சான் பிஸினஸில் போடலாமா என்று கேட்பார்கள். எந்தக் கேள்வி வந்தாலும் நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு கிழிப்பேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. மூன்று வருஷம் அப்பா கட்டிய காலேஜ் ஃபீஸுக்கு மிச்சமானது அந்த ஒரு கோடுதான்!

அந்தக் கோட்டை நம்பி நண்பன் ஒருவன் கொண்டுவந்த கேள்விதான் இந்த வாரம்.

"மச்சி, கார்ல இருக்கற கம்பியை வெச்சுக்கவா, வெட்டிரவா?"

கம்பி என்று அவன் சொன்னது ரோல் பார். மேலே கூரை இல்லாத காரில், முன் சீட்டுகளுக்குப் பின்னால், 'ப' எழுத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஓர் இரும்புக் குழாய் நிற்குமே, அது. கார் தலைகுப்புறக் கவிழ்ந்தால் நம் தலை தரையில் படுவதற்கு முன்னால் அந்தக் குழாய் படவேண்டும். அதற்காகத்தான் அது. 'உன் தலைக்கு வருவது என் தலையோடு போகட்டும்' என்று நிற்கிற தியாகி.

சரி, கார் என்ன கார்? ஸ்டாண்டர்டு ஹெரால்டு!

நம் அப்பாக்கள் காலத்து ஆசாமிகளிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகத்தில் பல்பு எரியும். இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்று பிறந்தது. வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலாட்டி. 1961-லிருந்து நம் சென்னையிலேயே, வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முதலை வாய் மாதிரி திறக்கும். தெருமுனையில் ஆட்டோ திரும்புகிற இடத்தில் அதுவும் திரும்பிவிடும்.

இன்னொரு விசேஷம்... அதன் கூரை வெல்டிங் கிடையாது, போல்ட் போட்டு மாட்டியது. ஸ்பானர் இருந்தால் கழற்றிவிடலாம். இப்படிக் கழற்றப்பட்டு, துணி டாப் மாட்டப்பட்ட 1960-களின் ஹெரால்டு ஒன்றைத்தான் நண்பன் ஒரு புரோக்கரிடம் வாங்கியிருந்தான். முன் சீட்டுக்குப் பின்னால் 'ப' வடிவக் கம்பி. அதன் நடுவே, முன் சீட்டில் உட்காருபவரின் தோள் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி.

"சோழவரம் ரேஸ்ல ஓடின வண்டி சார்" என்றாராம் புரோக்கர். "இல்லேன்னா எதுக்கு சார் கம்பி?"

இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால் மெட்ராஸில் கார் ரேஸ் என்றாலே சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். அங்கே ஹெரால்டுகளும் சீறியிருக்கின்றன. அந்த ஒரு வார்த்தையில் நண்பன் விழுந்துவிட்டான். கேட்ட விலையைக் கொடுத்து, கம்பியைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு ஓட்டி வந்தான்.

வந்த பிறகுதான் பிரச்னை.

டீக்கடையில் நாலு பேர், நாலு தீர்ப்பு. "கம்பி இருந்தாதான் கெத்து" என்றான் ஒருவன். "கன்வெர்ட்டிபிள்னா திறந்து இருக்கணும், இது கோழிக்கூண்டு மாதிரி இருக்கு" என்றான் இன்னொருவன். "உயிர் முக்கியம்டா" என்றது மூன்றாவது. நாலாவது ஆசாமி கொஞ்சம் யோசித்து, "ஃபர்ஸ்ட்டு ஒரு ஹாரன் மாத்து" என்றார்.

நண்பன் என்னிடம் வந்தான். நான் கோடு போட்டேன்.

*

வரவுப் பக்கத்தை முதலில் பார்ப்போம். ஏனென்றால், ஹெரால்டு காருக்கு ரோல் பார் வேண்டும் என்று சொல்ல நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. அது காரின் பின்பக்கத்தில், அடியில் ஒளிந்திருக்கிறது. 'ஸ்விங் ஆக்ஸில்' என்று பெயர்.

உங்கள் கைகள் இரண்டையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். தோள்பட்டைதான் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல். உள்ளங்கைகள் சக்கரங்கள். கை தோளில் மட்டும்தான் அசையும், மணிக்கட்டில் அசையாது. அதாவது சக்கரம் மேலே கீழே போகும்போது சாயவும் செய்யும். நேர் ரோட்டில் பிரச்னையில்லை. வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களோ, பின்பக்கம் மேலே தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கமாக மடங்கும். அடுத்து கார் சுற்றும், அல்லது கவிழும்.

அமெரிக்காவில் ஷெவர்லே கொர்வேர் என்ற கார் இந்த ஸ்விங் ஆக்ஸிலால் பட்ட பாடு உலகப் பிரசித்தம். ரால்ஃப் நேடர் என்ற வக்கீல் 1965-ல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றித்தான். ஹெரால்டு அவ்வளவு வேகமான கார் இல்லை. ஆனால், ஆக்ஸில் அதே ஜாதி. நம்மூரில் ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் பின்பக்கம் இந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, சாதாரண ஒற்றை ஆக்ஸிலைப் போட்டுவிட்டார்கள்.

ஆக, 'இந்த கார் கவிழாது, கம்பி எதற்கு?' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரவுப் பக்கம் பெரிதாக எழுதினேன்: 'கவிழ வாய்ப்புள்ள கார்.'

நண்பன் முகத்தில் சந்தோஷம். கார் கவிழும் என்று சொன்னதற்கு சந்தோஷப்பட்ட முதல் ஓனர் அவனாகத்தான் இருப்பான்!

"அப்போ கம்பி இருக்கட்டும்ங்கறே?"

"இரு. பெரிய கம்பெனிக்காரங்களே இதுல முழிச்சிருக்காங்க."

அது நிஜம். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் கார் பாதுகாப்புச் சட்டங்கள் இறுக ஆரம்பித்தபோது, கூரையில்லாத காரையே தடை செய்துவிடுவார்கள் என்று கார் உலகம் நடுங்கியது. போர்ஷே கம்பெனி 1965 பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் '911 டார்கா'வை நிறுத்தியது. கம்பியை ஒளிக்கவில்லை, அகலமான பளபள ஸ்டீல் பட்டையாக்கி, 'இதுதான் அழகே' என்று சொல்லிவிட்டார்கள். வந்த ஆபத்தை ஃபேஷனாக மாற்றிய சாமர்த்தியம்!

ஹெரால்டு தயாரித்த அதே டிரையம்ஃப், 1970-ல் 'ஸ்டாக்' என்ற காரில் கம்பியை முன்கண்ணாடிச் சட்டத்தோடு இன்னொரு கம்பியால் இணைத்தது. 1979-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கன்வெர்ட்டிபிள் வந்தபோது நடுவில் நின்ற கம்பியைப் பார்த்து ஜெர்மன்காரர்கள் வைத்த பட்டப்பெயர், 'ஸ்ட்ராபெர்ரிக் கூடை.' கைப்பிடி வைத்த கூடை மாதிரி இருந்ததாம்!

அமெரிக்க காடிலாக் கதை இன்னும் தமாஷ். 1976-ல் எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை 'இதுதான் கடைசி, இனி கிடைக்காது' என்று விற்றார்கள். ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கிப் பூட்டி வைத்தார்கள். பயந்த தடை வரவேயில்லை. 1984-ல் அதே கம்பெனி அதே பெயரில் மறுபடி கன்வெர்ட்டிபிள் விட, பழைய காரை வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 'கடைசி நாள் தள்ளுபடி' என்று துணிக்கடை போர்டு பார்த்தே வளர்ந்த நம்மவர்களாக இருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் மெர்சிடிஸ் 1989-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. அந்த எஸ்.எல். காரில் கம்பி சீட்டுக்குப் பின்னால் படுத்தே இருக்கும். கார் கவிழப் போகிறது என்று சென்ஸாருக்குத் தெரிந்தால் 0.3 விநாடியில் எழுந்து நிற்கும். மானேஜர் வருகிறார் என்றதும் சீட்டில் நிமிர்ந்து உட்காருவோமே, அந்த வேகம்.

இவ்வளவு பேரும் கம்பியை வைக்கத்தான் பார்த்திருக்கிறார்கள், எடுக்கப் பார்க்கவில்லை. இதையும் வரவில் எழுதினேன். பற்றுப் பக்கம் காலியாகவே இருந்தது.

*

பற்றுப் பக்கத்தை நிரப்ப ஆள் வந்தார். புதுப்பேட்டையில் ஷெட் வைத்திருந்த பெரியவர். ஹெரால்டு, ஃபியட், அம்பாஸடர் என்று நாற்பது வருஷம் கிரீஸில் ஊறிய கை. ஞாயிற்றுக்கிழமை காலை நண்பன் வீட்டுக்கு வந்து, காரைச் சுற்றி ஒரு பிரதட்சணம் செய்தார்.

"வீட்ல ஒட்டடைக் கொம்பு இருக்குமா தம்பி?"

காரில் ஒட்டடையா என்று நாங்கள் முழிக்க, அவர் கொம்பின் ஒரு முனையைக் கம்பியின் உச்சியில் வைத்தார். மறு முனையை முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் சாய்த்தார். நண்பனை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். நண்பன் ஆறடி. உட்கார்ந்ததும் கொம்பு அவன் புருவத்தில் இடித்தது.

"கார் கவுந்தா தரை எங்க இருக்கும்? இந்தக் கொம்பு இருக்கற இடத்துல. உங்க தலை எங்க இருக்கு? தரைக்கு உள்ள!"

உலகம் பூராவும் ரேஸ் டிராக்குகளில் செய்கிற பரீட்சை இதுதான். அங்கே துடைப்பக் கட்டையை வைத்துப் பார்ப்பார்கள். தலை அந்தக் கோட்டுக்குக் குறைந்தது இரண்டு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். நண்பனின் கணக்குப்படி கம்பி அவனைக் காப்பாற்றாது, அவன்தான் கம்பியைக் காப்பாற்ற வேண்டும்.

பெரியவர் அடுத்ததாகக் கம்பியின் காலடியைப் பார்த்தார். ஹெரால்டுக்கு அடியில் சேஸிஸ் தனி, மேலே பாடி தனி. கம்பி சேஸிஸில் நிற்கவில்லை. துருப்பிடித்த தரைத் தகட்டில் நாலு சொட்டு வெல்டிங்கில் நின்றது. கார் கவிழ்ந்து அதன் முழு எடையும் இறங்கினால் கம்பி வளையக்கூடத் தேவையில்லை, தகட்டைப் பொத்துக்கொண்டு கீழே போய்விடும். சர்வதேச மோட்டார் பந்தய விதிகளைப் பார்த்தால், கம்பியின் ஒவ்வொரு காலுக்கும் 3 மில்லிமீட்டர் தடிமனில் தகடு, அடியில் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இன்னொரு பலத் தகடு, குறைந்தது மூன்று போல்ட் என்று ஜாதகமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக, சாவியால் கம்பியைத் தட்டினார். 'டங்' என்றது. காதை வைத்துக் கேட்டார். பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டினார். சிரித்தார்.

"தம்பி, இது ஜி.ஐ. பைப்பு. தண்ணி பைப்பு!"

ரேஸ் காரில் போடுவது இணைப்பே இல்லாமல் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய். பிரதானக் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன் என்று கணக்கு. இதுவோ கார்ப்பரேஷன் குழாய்க்குத் தம்பி.

"அப்போ சோழவரம்...?" என்றான் நண்பன், குரல் கம்மி.

பெரியவர் குறுக்குக் கம்பியின் அடிப்பக்கத்தைத் தடவி, எதையோ பிய்த்து எங்கள் கையில் கொடுத்தார். இற்றுப்போன வாழை நார். பக்கத்திலேயே வரிசையாகச் சின்னச் சின்ன கிளிப்புகள், அதில் ஒன்றில் ஒரு துண்டு பச்சை ஒயர்.

"சீரியல் லைட்டு கட்டின கிளிப்பு. இது ரேஸ் வண்டி இல்ல தம்பி, ஜானவாச வண்டி! மாப்பிள்ளை நின்னுக்கிட்டு வர்றதுக்குப் புடிச்சுக்கக் கம்பி போட்டிருக்காங்க."

யோசித்துப் பார்த்தால் நம்மூரில் திறந்த கார்கள் பிழைத்துக் கிடந்ததே மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தால்தான். முன்னால் நாதஸ்வரம், பக்கத்தில் கியாஸ் லைட், உள்ளே கோட்டும் சூட்டும் போட்டு வியர்த்து வழிகிற மாப்பிள்ளை. மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம். எத்தனை மாப்பிள்ளைகள் 'போறோமே, மாட்டப் போறோமே' என்று அந்தக் கம்பியை இறுக்கிப் பிடித்தார்களோ! அந்த வகையில் பார்த்தால் அதுவும் பாதுகாப்புச் சாதனம்தான்.

*

நண்பன் அசரவில்லை. "சரி, இது பொய்க் கம்பி. நிஜக் கம்பி போட்டுடலாம். உயரமா, சேஸிஸோட பிடிச்சு, விதிப்படி. செலவானாலும் பரவால்ல."

பெரியவரும் முடியும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. கம்பி மட்டும் போட்டால் போதாது, பெல்ட்டும் வேண்டும். பெல்ட் இல்லாமல் கார் கவிழ்ந்தால் ஆள் கம்பிக்கு அடியில் இருக்க மாட்டான், ரோட்டில் இருப்பான். பெல்ட் போட்டால் கம்பியைச் சுற்றி ஸ்பான்ஜும் சுற்ற வேண்டும். ஏனென்றால் ரேஸ்காரனுக்கு ஹெல்மெட் இருக்கிறது, நமக்கு வெறும் மண்டை. பின்னாலிருந்து லாரி லேசாக இடித்து சீட் சாய்ந்தாலே பின்மண்டை போய்க் கம்பியில் மோதும். அதோடு, முன் சீட்டுத் தோள் பெல்ட்டின் பிடிப்பு தோளுக்கு ரொம்பக் கீழே இருந்தால் அது முதுகெலும்பை அமுக்கும். ஆகவே தோள் உயரத்தில் கெட்டியான குறுக்குக் கம்பி ஒன்று கட்டாயம்.

எல்லாம் எழுதிக்கொண்டேன். அப்போதுதான் நண்பனின் மனைவி வந்து காரைப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் செக்ஷனில் வேலை. விபத்து ஃபைல்களோடு தினசரி பழக்கம். அவர் பேசவில்லை. ஏழு வயது மகளைக் கூப்பிட்டுப் பின் சீட்டில் உட்காரச் சொன்னார்.

குழந்தை குஷியாக ஏறி உட்கார்ந்தாள். குறுக்குக் கம்பி சரியாக அவள் முகத்துக்கு எதிரே இருந்தது. நெற்றிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"அண்ணா, நீங்க கணக்குப் படிச்சவர். ஒரு கணக்குச் சொல்லுங்க" என்றார் என்னிடம். "இந்த கார் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை கவிழும்?"

"கவிழாமலே போகலாம்."

"சடன் பிரேக்?"

"சென்னையில... வாரத்துக்கு நாலு."

"எங்க ஆபீஸுக்கு வர்ற ஃபைல்ல கவிழ்ந்த வண்டி கொஞ்சம்தான். நேரா போய் இடிச்சதுதான் கட்டுக் கட்டா வருது. கவிழ்ந்தா காப்பாத்தும்னு இவருக்கு ஒரு கம்பி. அதே கம்பி பிரேக் போட்டா என் பொண்ணு நெத்தியில. இது வரவா, பற்றா?"

என் பேனா நின்றுவிட்டது. அவர் கேட்டது பி.காம். முதல் வருஷப் பாடம்தான். ஒரு நஷ்டத்தை எவ்வளவு பெரிசு என்று மட்டும் பார்க்கக் கூடாது. எத்தனை தடவை வரும், யார் தலையில் விழும் என்றும் பார்க்க வேண்டும். நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள் காலையிலிருந்து முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஹெரால்டு நாலு பேர் உட்காருகிற கார்!

போர்ஷே டார்கா மாதிரி கார்களில் பின்னால் உட்காருவது அநேகமாகக் கைப்பைதான். அங்கே கம்பி பற்றிய விவாதமே வேறு. இங்கே கேள்வி 'கம்பி வேண்டுமா, வேண்டாமா?' அல்ல. 'கம்பி வேண்டுமா, பின் சீட் வேண்டுமா?' இரண்டும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

*

சட்டம் என்ன சொல்கிறது? அதையும் பார்த்துவிடுவோம். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. பைக்குக்கு சைலன்ஸர் மாற்றிய தம்பிகள் கவனிக்கவும்!

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் வண்டி பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. தவிர, அதைத் தினசரி ஆபீஸுக்கு ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ஊர்வலப் பேரணி, சர்வீஸ், பெட்ரோல் என்று சில காரியங்களுக்கு மட்டும்தான். நண்பன் பழைய ஆர்.சி.யிலேயே ஓட்டினாலும் சரி, 'வி.ஏ.' வாங்கினாலும் சரி, சேஸிஸில் கம்பி வைப்பதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறியே ஆக வேண்டும்.

2019 திருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பதினாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப் போனால், ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். மேலே கம்பி இருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. பெல்ட் இருந்ததா என்றுதான் கேட்கிறது.

என் பாடப்புத்தகத்திலிருந்தும் ஒரு சரக்கு. சாம் பெல்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1975-ல் ஒரு கட்டுரை எழுதினார். காரில் பாதுகாப்புச் சாதனங்களை ஏற்ற ஏற்ற, டிரைவருக்குத் தைரியமும் ஏறி வேகமும் ஏறும் என்றார். இதை ஒப்புக்கொள்ளாமல் பலர் சண்டைக்கு வந்தார்கள். பெல்ட் உயிர் காக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நண்பன் விஷயத்தில் பெல்ட்ஸ்மன் ஜெயித்தார். 'சோழவரம் கம்பி' என்று நம்பிய இரண்டு மாதமும் இ.சி.ஆரில் எண்பதில் பறந்திருக்கிறான். பெல்ட் இல்லாமல், தண்ணீர் பைப்பை நம்பி!

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தோம். நான் நண்பனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"இந்த காரை எதுக்குடா வாங்கினே?"

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான். "சின்ன வயசுல மாமல்லபுரம் ரோட்டுல ஒரு ஃபேமிலி திறந்த கார்ல போனதைப் பஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். பின்னாடி சீட்ல ரெண்டு பசங்க எழுந்து நின்னு கையாட்டிக்கிட்டே போனாங்க. அதான்."

முடிவு அங்கேயே வந்துவிட்டது. ரேஸ் ஓட்ட வாங்கியிருந்தால் கம்பி, பெல்ட், ஹெல்மெட் போட்டு, பின் சீட்டைக் கழற்றி வீசியிருக்கலாம். குடும்பத்தோடு போக வாங்கிய கார். பின் சீட் இருக்கட்டும், கம்பி போகட்டும்.

கம்பி போனால் மட்டும் கார் பத்திரமாகிவிடுமா? ஆகாது. அதனால் நிபந்தனைகள் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஒன்று, நாலு சீட்டுக்கும் பெல்ட். தகரத்தில் அல்ல, அடியில் பலத் தகடு வைத்து. முன் சீட்டுப் பிடிப்பின் உயரத்தைப் பெரியவர் அளந்து சொன்ன பிறகு. குழந்தைக்கு அவள் உயரத்துக்கேற்ற சீட். இரண்டு, புது டயர். மூன்று, நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. நாலு, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போய்க் காலை எடுக்கக் கூடாது. ஐந்து, ராத்திரியும் மழையும் இந்த காருக்கு லீவு. ஆறு, பின் சீட்டில் யாரும் எழுந்து நின்று கையாட்டக் கூடாது, உட்கார்ந்தே ஆட்டலாம்!

"பெல்ட் போட்டு, கம்பியும் இல்லாம கவுந்தா? அப்படியே தலைகீழா மாட்டிப்போமே!" என்று டீக்கடை கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் பெல்ட் போடாதவன் மாட்டிக்கொள்ள மாட்டான், தூக்கி எறியப்படுவான். அது இன்னும் மோசம். தவிர, நேருக்கு நேர் இடிப்பதுதானே அதிகம், அதில் பெல்ட்டை விட்டால் வேறு கதியில்லை.

இருந்தாலும் பற்றுப் பக்கத்தில் ஒரு வரி அடிக்காமல் நிற்கிறது. 'கவிழ்ந்தால் மேலே ஒன்றும் இல்லை.' அதை எந்த வரவாலும் நேர் செய்ய முடியவில்லை. நண்பன் அந்தத் தாளை மடித்து காரின் டேஷ்போர்டில் வைத்திருக்கிறான். வேகமானியில் முள் நாற்பதைத் தாண்டினால் மனைவி அதை எடுத்துப் பிரிக்கிறாராம். முள் தானாக இறங்கிவிடுகிறதாம்.

இதைப் படிக்கிற உங்களில் பலரிடம் கன்வெர்ட்டிபிள் இருக்காது என்று தெரியும். பைக் இருக்கும். அதன் முன்னால் பளபளவென்று கிராஷ் கார்டு இருக்கும். ஹெல்மெட் டாங்க் மேலே உட்கார்ந்திருக்கும். பின்னால் உட்காரும் தங்கைக்கோ, மனைவிக்கோ ஹெல்மெட்டே இருக்காது. நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது ஒரே ஒரு நிமிஷம் பின் சீட்டில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். அங்கேயிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும்.

வெட்டிய கம்பி என்ன ஆச்சு என்கிறீர்களா? நண்பன் வீட்டுத் தோட்டத்தில் நட்டுவிட்டார்கள். பாகற்கொடி ஏறியிருக்கிறது. ஜானவாச மாப்பிள்ளைகள் பிடித்த கம்பியாயிற்றே... பாகற்காய்தான் பொருத்தம்!